வெளுத்த தெள்ளு

குணசீலனுக்கு வயது ஐம்பத்தொன்று. அவருடைய ஆய்வு வழிகாட்டி டாக்டர் மெஹராஜுக்கு முப்பத்தெட்டு. மாணவர் "மேடம்" என்பார், குரு "சார்" என்பார். கல்லூரி இதைச் சொல்லிச் சிரித்து ஓய்ந்துவிட்டது.

ஆறு வருஷமாகக் குணசீலன் ஒரே ஒரு உயிரின் பின்னால் அலைந்தார். ஊசிக்குளத்துத் தண்ணீரில் கடுகைவிடச் சிறிய தெள்ளுப்பூச்சிகள் உண்டு. அவற்றின் உடம்புக்குள் ஓர் ஒட்டுண்ணி. கண்ணுக்குத் தெரியாது, அது புகுந்த தெள்ளு பால்போல வெளுத்துவிடும், அவ்வளவுதான் அடையாளம். அதைப் பற்றி அதுவரை யாரும் எழுதியதில்லை. வெளுத்த தெள்ளுகளைப் பாட்டில்களில் வளர்த்து, ஒட்டுண்ணியை அளந்து, வரைந்து, கட்டுரையும் எழுதியாயிற்று. பெயர் வைப்பது மட்டும் பாக்கி.

அதே கல்லூரியில் அவர் பாடமும் எடுத்தார். அன்று முதல் வகுப்பு முடிந்ததும், வருகைப் பதிவேட்டைக் கக்கத்தில் இடுக்கியபடியே ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"எல்லாம் போச்சு மேடம்."

"என்ன போச்சு?"

"பாட்டில்ல வெளுத்த தெள்ளு ஒண்ணுகூட இல்ல."

நடந்தது இதுதான். முன்பு மீன்பண்ணையில் குஞ்சுகளுக்குத் தெள்ளு வளர்த்துக் கொடுத்தவர் அவர். அங்கே சீக்குத் தெள்ளைக் கண்டால் உடனே உறிஞ்சி வெளியே கொட்டிவிட வேண்டும். கைக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. கட்டுரை எழுதும் மும்முரத்தில், தண்ணீர் மாற்றும்போதெல்லாம் வெளுத்ததைப் பொறுக்கிப் பொறுக்கிக் கொட்டியிருக்கிறார். இப்போது பாட்டில்களில் துள்ளுவதெல்லாம் நோயில்லாத தெள்ளுகள். மிச்சம் ஒரே ஒரு கண்ணாடித் தகடு, அதில் செத்துப்போன வெளுத்த தெள்ளு ஒன்று.

"குளத்துக்குப் போனீங்களா?"

"நேத்து போனேன். லாரி லாரியா மண்ணடிச்சு மூடிட்டாங்க. பஸ் ஸ்டாண்டு வருதாம்."

"வேற குளம்?"

"பதினேழு குளம் பாத்தாச்சே மேடம். வேற எங்கயும் கிடையாது."

பதிவேட்டை மேசைமேல் வைத்துவிட்டு, "நாந்தான் கொன்னேனா?" என்றார்.

மெஹராஜுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. "பாதி நீங்க. பாதி லாரி."

குணசீலன் கட்டுரையை மேசைமேல் தள்ளினார்.

"கிழிச்சிடலாம் மேடம். இல்லாததுக்கு எதுக்குப் பேரு?"

மெஹராஜ் கட்டுரையைத் தொடவில்லை. பதிவேட்டை எடுத்துப் பிரித்தார்.

"இன்னைக்கு யார் வரல?"

"முப்பத்திரண்டாம் நம்பர். எஸ்தர். ஒரு மாசமாவே வரல."

"அறுபது பேர் இருக்கிற கிளாஸ்ல அந்தப் பொண்ணு வரலேன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"பேரைக் கூப்பிட்டேன். பதில் வரல."

மெஹராஜ் கட்டுரையில் பெயருக்காக இடம் விட்டிருந்த பக்கத்தைப் புரட்டி, பேனாவை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இதையும் கூப்பிடணும் சார். பதில் வராது. வரலேன்னு தெரியணும்ல."