படகில்லாமல் ஆற்றைக் கடந்த ராஜா

விசயமல்லன் என்று ஒரு ராஜா. அவருக்குப் புதுமைப் பைத்தியம். சும்மா இல்லை, முற்றிய பைத்தியம்! தானாக ஆடும் ஊஞ்சல், தும்மினால் பன்னீர் தெளிக்கும் பொம்மை என்று தினம் ஒன்று வேண்டும். அதற்கென்றே நவநீதராயர் என்று ஒரு புதுமை மந்திரி. ஊர்த் தச்சர்கள் அத்தனை பேரும் அவர் பட்டறையில்தான். ஆற்றில் ஓடிய ஒரே படகு ஓட்டையாகிக் கரையில் கிடந்தது, அடைக்க ஆளில்லை; யார் போய்க் கேட்டாலும் "நாலு மாசம் ஆகும்" என்பார் ராயர். பாவப்பட்ட சனங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்தார்கள்.

ஒருநாள் மருத்துவச்சி மாடத்தி, அரசவை விகடன் உலகப்பனிடம் ஈரச் சேலையோடு வந்து நின்றாள்.

"ஐயா, அக்கரையில மூணு பொண்ணுங்க நிறைமாசமா இருக்காங்க. தண்ணி ஏறிக்கிட்டே வருது. நான் எப்படிப் போவேன்?"

உலகப்பன் உடனே கிளம்பினான். நேரே சபைக்குப் போய்ப் படகு கேட்டான்.

"படகா?" நவநீதராயர் சிரித்தார். "கொள்ளுத்தாத்தா காலத்துச் சமாச்சாரம். அதில் என்ன புதுமை?"

"வாஸ்தவம்!" என்றான் உலகப்பன். "படகே இல்லாமல் ஆற்றைக் கடக்கும் புதுமையை மந்திரியார் சனங்களுக்குக் கொடுத்துவிட்டாரே! ஒரே குறை, மகாராஜா. எந்தப் புதுமைக்கும் தாங்கள்தானே வெள்ளோட்டம் பார்ப்பது வழக்கம்? இதற்கு இன்னும் பார்க்கவில்லை."

ராஜாவுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "எனக்குக் காட்டாமல் ஒரு புதுமையா? கிளம்பு!"

ராயரும் சனங்களும் பின்தொடர ஆற்றங்கரைக்கு வந்ததும், "யந்திரம் எங்கே?" என்றார் ராஜா.

"யந்திரமே வேண்டாம். அதுதானே இதன் அழகு! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்குங்கள்," என்றான் உலகப்பன்.

இத்தனை சனம் பார்க்க, வழக்கத்தை மீற முடியுமா? இறங்கினார். உலகப்பன் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, நாலு மடக்குத் தண்ணீர் குடித்து, கிரீடத்தை ஆற்றோடு விட்டு, ஒருவழியாக அக்கரை சேர்ந்தார். திரும்பிப் பார்த்தால் வெள்ளம் ஆளுயரத்துக்கு ஏறிவிட்டது. வந்த வழியே போக முடியாது.

"யோவ் ராயரே! படகு கொண்டு வாரும்!" என்று அலறினார் ராஜா.

வாய்ப் பழக்கம் விடுமா? எதிர்க்கரையிலிருந்து ராயர் கத்தினார்: "நாலு மாசம் ஆகும்! தச்சர்கள் மயில் பல்லக்கு வேலையில் இருக்கிறார்கள்!"

ராஜா நடுங்கிக்கொண்டே உலகப்பனை முறைத்தார்.

"பயப்படாதீர்கள் மகாராஜா," என்றான் உலகப்பன், தலையைத் துவட்டிக்கொண்டே. "இந்தக் கரையில் குடிசனம் நின்றால்தான் நாலு மாசம். ராஜா நின்றால் சாயங்காலமே வந்துவிடும்!"