கூரை ஏறிய ஒரு மணி நேரம்

அறவாழி எண்ணெய்க் கம்பெனியில் சேர்ந்து இருபத்தெட்டு வருஷம். இதுவரை ஒரு சொட்டுக் கச்சா எண்ணெயைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை. கணக்குப் பிரிவுத் தலைவருக்கு அது ஒரு குறையாகவும் தோன்றியதில்லை.

அன்று காலை மனிதர் ஆடிப்போயிருந்தார். முப்பது ஆண்டறிக்கைகளைத் தூசி தட்டி, கம்பெனியின் குறுகிய காலக் கடனை மட்டும் பொறுக்கி எடுத்து ஒரு கோடாக வரைந்திருந்தார். கோடு சில வருஷம் சாதுவாகப் படுத்துக் கிடந்தது. பிறகு எகிறியது. ஊரடங்கு வருஷம் சரிந்தது. போர் வந்த வருஷம் மறுபடி எகிறியது. இந்தக் கடனை அடியோடு அடைத்துவிட்டு, இனி வாங்குவதே வேண்டாம் என்று இயக்குநர் குழுவுக்குக் குறிப்பு எழுதிவிட்டார். மாலைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். அவர் போட்டால் குழு மறுபேச்சுப் பேசாது.

நிதிப் பிரிவுத் தலைவி ஜெசிந்தா அவரைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். கடன் விஷயத்தில் அவரிடம் பாடம் கேட்க அறவாழி வெட்கப்பட்டதில்லை.

"மேடம், இது ஏன் இப்படிக் குதிக்குது? கம்பெனி மூழ்கப் போகுதா?"

ஜெசிந்தா கோட்டைப் பார்த்தார். கார் சாவியை எடுத்தார்.

"வாங்க சார், ஒரு இடத்துக்குப் போலாம்."

துறைமுகத்தை ஒட்டி, கம்பெனி கச்சா எண்ணெய் சேமித்து வைக்கும் டாங்கி வளாகம். தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, மூச்சு வாங்க இரும்புப் படியேறி, உச்சியிலிருந்து உள்ளே எட்டிப் பார்த்தார் அறவாழி. டாங்கிக்கு மூடி இல்லை. வெகு ஆழத்தில் வட்டமாக ஓர் இரும்புத் தரை. நாலு கல்யாணப் பந்தல் போடலாம்.

"அது தரை இல்ல சார். கூரை."

"எதுமேல நிக்குது?"

"எண்ணெய் மேல. அது ஏறினா ஏறும், எறங்கினா எறங்கும். இப்ப கப்பல்ல இருந்து ஏத்திட்டு இருக்காங்க, பாருங்க."

பார்த்தார். ஒன்றும் அசையவில்லை. மேடம் நம்மை வைத்து விளையாடுகிறாரோ என்றுகூட நினைத்தார். பிறகு, சுவரில் கீழே இருந்த துருக்கறை ஒன்றைக் காணோம். ஒரு மணி நேரத்தில் கூரை இடுப்பளவு உயரம் மேலே வந்திருந்தது. பல நூறு டன் இரும்பு. ஒரு கிறீச் சத்தம் இல்லை.

அறவாழிக்குப் புல்லரித்தது. கும்பிடத் தோன்றியது; கும்பிட்டும் விட்டார்.

"இந்தக் கப்பலுக்கு எந்தப் பணத்தைக் குடுத்தோம்?" குரல் தானாகத் தாழ்ந்திருந்தது.

"நேத்து வாங்கின கடன். இது பெட்ரோலாகி, வித்து, காசு வர ஒன்றரை மாசம். வந்ததும் அடைச்சிடுவோம். அதுக்குள்ள அடுத்த கப்பல் வந்து நிக்கும், அதுக்கு மறுபடி கடன். எண்ணெய் விலை ஏறினா கடனும் ஏறும்."

"எண்ணெய் சுத்தமா எறங்கிட்டா, இந்தக் கூரை?"

"அடியில இருக்கிற இரும்புக் கால்களை ஊனி நின்னுடும். அடியில காத்து பூந்து ஆவி சேரும். ஒரு பொறி போதும். இங்க வேலை செய்யறவங்களுக்கு அந்த நாளை நெனச்சாத்தான் பயம்."

அறவாழி சட்டைப்பையிலிருந்து குறிப்பை எடுத்தார். அதைக் கைவிடவும் மனம் வரவில்லை.

"ஆனா மேடம், ஒண்ணு ரெண்டு இல்ல, முப்பது வருஷத்தைப் பாத்துட்டுதானே இதை எழுதினேன்?"

"முப்பது நாளைப் பாத்தீங்க சார்," என்றார் ஜெசிந்தா. "ஒவ்வொரு ஆண்டறிக்கையிலயும் இருக்கிறது மார்ச் முப்பத்தொண்ணாம் தேதி, அந்த ஒரு நாள் கடன் மட்டும்தானே?"