பீரோவில் இருந்த துப்பாக்கி

பால்ச்சாமி சார் பதினேழு வருடம் பட்டாளத்தில் இருந்தவர். இப்போது பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சாயங்காலமானால் பிள்ளைகளுக்கு ஓட்டம் சொல்லிக்கொடுப்பார். அவர்களைக் கிளப்பிவிட இரண்டு மரப்பலகைகளை 'டப்'பென்று ஒன்றோடொன்று அடிப்பார். பெரிய போட்டிகளில் துப்பாக்கிதானே சார் சுடுவார்கள் என்று யாராவது கேட்டால், "நம்ம துப்பாக்கி ரிப்பேரு" என்பார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த மாதிரி ஆறு வருடம் ஓட்டிவிட்டார். வட்டப் போட்டி வரைக்கும் விசிலிலேயே ஒப்பேறிவிடும்.

இந்த வருடம் அவரிடம் ஓட்டம் பழகிய யோகேஸ்வரி மாவட்டப் போட்டிக்குப் போனாள். நூறு மீட்டர். துப்பாக்கி வெடித்தது. ஏழு பெண்கள் ஓடினார்கள். யோகேஸ்வரி காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு ஓடி ஆறாவதாக வந்தாள்.

அன்று மழை பிடித்துக்கொண்டதால் இருநூறு மீட்டர் மட்டும் அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிப்போனது. மாநிலப் போட்டிக்குப் போக அவளுக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை அவள் மைதானத்துக்குச் செருப்போடு வந்தாள். ஓடுகிற உத்தேசம் இல்லை என்று அர்த்தம்.

"சார், ஒண்ணு கேக்கணும்."

"கேளும்மா."

"பீரோவுல இருக்க துப்பாக்கி நல்லாத்தான் இருக்காம். வாட்ச்மேன் அண்ணன் சொன்னாரு."

"ஆமா. நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன் சார் பொய் சொன்னீங்க?"

கோபம் பாதி, அழுகை பாதி. சார் போய்ப் பீரோவைத் திறந்து, சத்தம் மட்டும் போடுகிற அந்தத் துப்பாக்கியை எடுத்துவந்து அவள் கையில் கொடுத்தார். சுடும் விதத்தைக் காட்டினார். பிறகு பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, ஐம்பத்திரண்டு வயதில், ஓட்டம் தொடங்குகிற கோட்டில் போய்க் குனிந்தார்.

"சொல்லும்மா."

"ஆன் யுவர் மார்க்... செட்..."

சுட்டாள்.

சார் ஓடவில்லை. குப்புற விழுந்து இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டார்.

யாரோ ஒருத்தி சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டாள். தான் சொல்லிக்கொடுக்கிற பிள்ளைகளுக்கு முன்னால் ஒரு மனுஷன் இப்படி விழுவதென்றால் லேசா? யோகேஸ்வரி துப்பாக்கியோடு அவரிடம் ஓடினாள்.

"சார்... அடிபட்டுருச்சா?"

"இல்லம்மா. எல்லையில இருந்தப்ப இந்தச் சத்தம் கேட்டா உடனே விழுந்துரணும். விழுந்தவங்கதான் ஊர் திரும்புனோம்." சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "ஒடம்பு அதை இன்னும் மறக்கல. வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. ரிப்பேருன்னுட்டேன். அந்த நூறு மீட்டரை நீ தோக்கல, நான்தான் உன்னைத் தோக்கடிச்சேன்."

சார் மறுபடி கோட்டில் போய்க் குனிந்தார்.

"இன்னொரு தடவை சுடு."

சுட்டாள். விழுந்தார். மறுபடி சுட்டாள். மறுபடி விழுந்தார். நாலாவது தடவை முட்டி சிராய்த்து ரத்தம் வந்தது.

"போதும் சார்," என்று அழுதேவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை அவள் வெறுங்காலோடு வந்தாள். துப்பாக்கியை இன்னொருத்தியிடம் கொடுத்துவிட்டு, அவருக்குப் பக்கத்துக் கோட்டில் குனிந்தாள். வெடித்தது. சார் விழுந்தார், அவள் காதைப் பொத்தினாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். புதன், வியாழன் இப்படியே போனது. மெல்ல மெல்ல அவள் கை காது வரைக்கும் போகாமல் பாதியில் நின்றது. சாரும் முட்டி போடுவதோடு நிறுத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை வெடித்ததுமே அவள் பாய்ந்து ஓடினாள். நூறு மீட்டர் தாண்டித் திரும்பிப் பார்த்தால், சார் மூச்சு வாங்க ஓடிவந்துகொண்டிருந்தார்.

"சார், எனக்கு இன்னும் நெஞ்சு திக்குனுதான் இருக்கு," என்றாள். "உங்களுக்குப் பயம் போயிருச்சா?"

இடுப்பில் கை வைத்துக் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார்.

"எங்கேம்மா போச்சு? அது கூடவேதான் இருக்கு. முந்தியெல்லாம் கீழ தள்ளிச்சு. இன்னைக்கு உன் பின்னாடி ஓடத் தள்ளிவிட்டுருச்சு."