ரொசாரியோவின் கடற்புல்

"ரொசாரியோவை ரெண்டாவது தடவை கொன்னுட்டாங்க டீச்சர்!"

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார் தனுஷ்கோடி. கடல் ஆய்வு நிறுவனத்தின் மூத்த விஞ்ஞானி. தலை முழுக்க நரை.

டீச்சர் என்று அவர் கூப்பிட்டது ஹமீதாவை. வயதில் அவருடைய மகள் மாதிரி. ஆய்வுத் தரவுகளை எப்படிப் பாதுகாப்பது என்று விஞ்ஞானிகளுக்கு வகுப்பு எடுப்பது ஹமீதாவின் வேலை. வகுப்புக்கு யாரும் வருவதில்லை. பட்டப்பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

"உட்காருங்க சார். என்ன ஆச்சு?"

"குடாவைத் தூர்வாரும் திட்டத்தோட விசாரணைக் குழு முன்னாடி அவமானப்பட்டுட்டு வர்றேன். அந்தக் குடாவைத் தூர்வாரினா கடற்புல் அழிஞ்சுடும், கடற்பசு மேய இடமே இருக்காதுன்னு சொன்னேன். அங்க புல் இருக்குன்னு என்ன ஆதாரம்னு கேட்டாங்க."

"ரொசாரியோ சாரோட கடற்புல் கணக்கெடுப்பு இருக்கே?"

"இருந்துச்சு! வருஷக்கணக்கா முங்கி முங்கி எடுத்தது. அவன் செத்து ஒரு மாசம்கூட ஆகல. அவன் கம்ப்யூட்டரைத் துடைச்சு அழிச்சு, சம்பளப் பிரிவுக்குக் கொடுத்துட்டாங்க. இப்ப அதுல ஒருத்தர் லீவுக் கணக்கு பார்க்கிறார்!"

"அச்சான அறிக்கையில?"

"வெறும் சராசரி. எந்த இடம், எவ்வளவு ஆழம், எத்தனை புல், ஒண்ணும் கிடையாது. அனுமதி கொடுத்துட்டாங்க டீச்சர். நாளைக்கு இயந்திரம் இறங்குது."

மேசை மேலிருந்த வெள்ளைத் தாளை எடுத்து ஹமீதா பக்கம் தள்ளினார்.

"நிர்வாகத்துல போய்க் கேட்டேன். 'அதுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு எங்களுக்கு யார் சொன்னா'ங்கிறான். திமிரைப் பார்த்தீங்களா? புகார் எழுதுங்க. முதல் கையெழுத்து நான் போடறேன்."

ஹமீதா எழுந்தார்.

"எழுதலாம். முதல்ல உங்க ரூமுக்குப் போவோம்."

"அங்க எதுக்கு?"

ஹமீதா முன்னால் நடந்தார். தனுஷ்கோடி பின்னாலேயே வந்தார், வழியெல்லாம் நிர்வாகத்தைத் திட்டிக்கொண்டே.

"உங்க கம்ப்யூட்டரைத் திறங்க சார்."

திறந்தார். பவளப்பாறைகளைப் பற்றி அவர் இதுவரை சேர்த்தது அத்தனையும் அதில்தான் இருந்தது. திரை முழுக்கக் கோப்புகள். 'புதுசு'. 'சரி பண்ணது'. 'கடைசி'. 'கடைசி - இதுதான்'.

"இதுக்கு வேற எங்கயாவது நகல் இருக்கா?"

"எதுக்கு? அதான் நான் இருக்கேனே."

ஹமீதா திரையிலிருந்த கோப்புகளைக் காட்டினார்.

"நாளைக்கு நீங்க செத்துப்போயிட்டா, இதுல நான் எதை எடுக்கணும்?"

தனுஷ்கோடி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது.

"என்ன பேச்சு இது? யார்கிட்ட என்ன கேட்கணும்னு தெரியாது? வெளிய போம்மா!"

பக்கத்து அறைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

ஹமீதா வாசல்வரை போய்த் திரும்பினார். அவர் குரல் உயர்ந்து அந்த நிறுவனத்தில் யாரும் கேட்டதில்லை. அன்று கேட்டார்கள்.

"ரொசாரியோ சார்கிட்டயும் இதையேதான் கேட்டேன். அவரும் வெளிய போகத்தான் சொன்னார்."