கறையான் தின்ன கல்யாணப் பாட்டு

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி மருதாத்துச் சீமையை வெள்ளியங்கிரி ராசா ஆண்டாரு. காலையில தூக்குல போடச் சொல்லுவாரு, மத்தியானம் அவனுக்கே விருந்து வைப்பாரு. அப்படி ஒரு ஆளு.

அங்க ஆவுடையப்பன்னு ஒரு சட்ட வாத்தியாரு. "ராசா, அந்தப் பாட்டுச் சட்டத்தைக் கொஞ்சம் தளர்த்துங்க"ன்னு பத்து வருசமா நச்சரிச்சு, பத்து வருசமா திட்டு வாங்கினவரு.

அரண்மனைப் புலவர் சந்திரசூடர் பாட்டை அவரைக் கேக்காம யாரும் பாடக்கூடாது, ஏட்டைப் பார்த்து இன்னொரு ஏட்டுல பேர்த்து எழுதக்கூடாது. மீறினா நாடு கடத்தல். புலவர் ராசா காதைக் கடிச்சு வாங்கின சட்டம் அது.

ஒருநாள் நாத்து நடுற மாடத்தியைப் பிடிச்சு இழுத்துட்டு வந்தாங்க.

"ராசா! உங்க கல்யாணத்துக்கு நான் கட்டின பாட்டை, இவ சேத்துல நின்னு தவளைக்குப் பாடுறா!"ன்னு குதிச்சாரு புலவரு.

ராசா முகம் வாடிருச்சு. செத்துப்போன ராணியம்மா தலைவாரும்போது முணுமுணுத்த பாட்டு. காதுல விழுந்து இருபது வருசமாச்சு.

வாத்தியார் எந்திரிச்சு முன்னாடி வந்தாரு. எல்லை தாண்டினா மாடத்தி சோத்துக்கு எங்க போவா?

"அது உங்க பாட்டுதான்னு என்னய்யா சாட்சி? மூல ஏட்டைக் கொண்டாங்க."

பெட்டி வந்துச்சு. திறந்தா உள்ள வெறும் செம்மண்ணு! கறையான் விருந்தே முடிச்சிருக்கு. ஆடிப்பெருக்குக்கு முன்னாடி ஊரே பழைய ஏட்டைப் பேர்த்து எழுதிட்டு, நைஞ்சதை ஆத்துல விடும். புலவர் ஏட்டைத்தான் யாரும் தொடக்கூடாதே!

"சரி, வாயால சொல்லுங்க."

"நிலா... நிலாவுல..." புலவர் தலையைச் சொறிஞ்சாரு.

"நீ பாடு தாயி"ன்னு மாடத்தி பக்கம் திரும்பினாரு வாத்தியாரு.

"ஐயோ சாமி, பாடினதுக்குத்தானே பிடிச்சு வந்தாங்க!"

"பாடும்மா"ன்னாரு ராசா.

ராசா கல்யாணத்தன்னிக்குப் பந்தலோரம் நின்னு கேட்ட பாட்டை, மாடத்தி ஒரு வரி விடாம பாடினா. ராசா கண்ணுல பொலபொலன்னு தண்ணி.

"இதேதான்! என் பாட்டு!" புலவர் எழுத்தாணியை எடுத்து அவசரமா கீற ஆரம்பிச்சாரு.

வாத்தியார் கையைத் தட்டினாரு. "பாருங்க ராசா! அடுத்தவ வாயிலருந்து கேட்டுப் பேர்த்து எழுதுறாரு. அவகிட்ட அனுமதி கேட்டாரா?"

"என் பாட்டுய்யா!"

"உங்க பாட்டு கறையான் வயித்துல இருக்கு. இது மாடத்தி காப்பாத்தி வச்ச பாட்டு."

ராசா அழுதுக்கிட்டே சிரிச்சாரு. "இனிமே கட்டினவன் பேரைச் சொல்லிட்டு யார் வேணா பாடலாம், எழுதலாம். புலவரே, வர்ற ஆடிப்பெருக்கு வரைக்கும் ஆத்துப்படியில உக்காந்து, கேக்குறவங்களுக்கெல்லாம் நீரே எழுதிக் கொடும்!"

அப்புறம் ராசாவே தொண்டையைச் செருமிப் பாட ஆரம்பிச்சாரு. ரெண்டாவது அடியிலேயே மாடத்தி கையெடுத்துக் கும்பிட்டா. "ராசா, நீங்க கேட்டா மட்டும் போதுங்க!"

போச்சு, தூக்குதான்னு நினைச்சுது சபை.

"ராணியும் இதையேதான் சொல்லுவா"ன்னு கண்ணைத் துடைச்சுக்கிட்டு, முதல் அடியிலருந்து மறுபடி ஆரம்பிச்சாரு ராசா.