ஒன்பதாம் ஜன்னல்

"இருபத்தோரு நாளா ஒரே ஜன்னல்! நான் வேலை கத்துக்க வந்தேனா, இதுக்குக் காவல் இருக்க வந்தேனா?"

தேவசகாயம் கையிலிருந்த உப்புத்தாளை வீசி எறிந்தார்.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. முப்பத்தெட்டு வருஷம் ரயில் பெட்டிகளுக்கு வரைபடம் போட்ட பொறியாளர். ஓய்வு பெற்ற மறுமாதமே, பழைய மரப் பெட்டிகளைச் சீராக்கும் மரகதவல்லியிடம் போய், "எனக்கும் சொல்லிக் குடுங்கம்மா" என்று நின்றவர்.

மரகதவல்லிக்கு முப்பத்தைந்து வயது.

பணிமனையில் நின்றது தொண்ணூறு வருஷப் பழைய மூன்றாம் வகுப்புப் பெட்டி. அதில் ஒன்பதாவது ஜன்னலை மட்டும் மரகதவல்லி அவரிடம் ஒப்படைத்தார்.

ஜன்னலின் அடிக்கட்டையில் ஒரு பள்ளம். உள்ளங்கை அகலம். முதல் நாளே தேக்குத் துண்டு செதுக்கி அதை அடைத்துவிட்டார் தேவசகாயம்.

மரகதவல்லி தடவிப் பார்த்தார்.

"இது இல்ல சார்."

மரத்தின் ரேகை ஒத்துப்போகவில்லையோ? பெயர்த்தெடுத்தார். நாலு மரக்கடை ஏறி இறங்கி, பழந்தேக்கு வாங்கிவந்து மறுபடி அடைத்தார்.

"இது இல்ல சார்."

மட்டம் பிசகியதோ? இழைத்து இழைத்து ரசமட்டம் வைத்தார். குமிழி நட்டநடுவில் நின்றது.

"இதுவும் இல்ல."

பின்னே எது? அதை மட்டும் சொல்வதில்லை. அடுத்த வேலைக்கு நகர்ந்துவிடுவார்.

இன்னும் நாலு நாளில் பெட்டி தண்டவாளம் ஏறவேண்டும். வாரம் ஒருமுறை, பயணிகளோடு ஓடப்போகிறது.

"குறை எங்கேன்னாவது சொல்லுங்கம்மா. இல்லேன்னா நான் இப்பவே வீட்டுக்குப் போறேன்."

"உட்காருங்க சார்."

"உட்கார நேரம் ஏது?"

"உட்காருங்க."

முனகிக்கொண்டே தன் ஜன்னலோர இருக்கையில் உட்கார்ந்தார். மரகதவல்லி எதிரே உட்கார்ந்து வெளியே பார்க்க ஆரம்பித்தார்.

கால் மணி நேரம் போயிற்று.

தேவசகாயத்துக்குத் தோள் வலித்தது. முழங்கையை ஜன்னல் கட்டையில் ஊன்றினார். வழுக்கியது. மறுபடி ஊன்றினார். மறுபடியும் வழுக்கியது.

"சே!"

எழுந்து போய்ப் பத்தாவது ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

அங்கே முழங்கை தானாகவே ஓரிடத்தில் போய் அமர்ந்துகொண்டது.

குனிந்து பார்த்தார். பள்ளம்.

பதினோராவது ஜன்னலிலும் இருந்தது. பன்னிரண்டாவதில் இன்னும் ஆழமாக.

இத்தனை நாளும் தன் ஜன்னலைத் தாண்டி அவர் எதையும் பார்த்திருக்கவில்லை. விரலால் ஒவ்வொன்றையும் தடவிக்கொண்டே பெட்டியின் கோடிவரை நடந்தார். திரும்பி வரும்போது ஆத்திரமும் கூடவே வந்தது.

"சரிம்மா, ஜனங்க கை வச்சு வச்சுத் தேய்ஞ்சது. ஒத்துக்கறேன். அதுக்காகத் தேய்ஞ்ச மரத்தை அப்படியே விட்டா, வர்றவங்க என்ன சொல்லுவாங்க? இவ்வளவு படிச்ச மனுஷனுக்கு ஒரு பள்ளத்தை அடைக்கத் தெரியலையேன்னு சிரிக்க மாட்டாங்களா?"

மரகதவல்லி ஒன்பதாம் ஜன்னலில் அவர் அடைத்த துண்டைக் காட்டி, உளியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"வர்றவங்க உட்காரத்தானே வர்றாங்க, சார்."