நாலு நாட்டுச் சட்டமும் ஒரு சாத்தின கதவும்

ஆட்டத்திலிருந்து ஒருத்தியை, "நீ வெளியே நில்" என்று சொன்னால், அவள் போய் எந்தக் கதவைத் தட்ட வேண்டும்? சொல்லுங்கோ பார்ப்பம்.

தியாகலிங்கத்தாருக்கு இந்தக் கேள்விதான் தொண்டையில் மீன்முள் மாதிரிச் சிக்கி நின்றது.

விட்டுவந்த ஊர்களின் பேரில் ஐரோப்பாவில் இருக்கிற எங்கள் கழகங்கள் சேர்ந்து நடத்துகிற தாச்சி ஒன்றியத்துக்கு அவர்தான் மேன்முறையீட்டு நடுவர். தாச்சி தெரியும்தானே? நிலத்தில் கோடு கீறி, கோட்டில் மறித்து நிற்கிறவரிடம் அடி வாங்காமல் அந்தப் பக்கம் போய்த் திரும்பி வருகிற ஆட்டம். சில இடங்களில் கிளித்தட்டு என்பார்கள்.

பிறந்த ஊர் எதுவோ, அந்த ஊர்க் கழகத்துக்குத்தான் ஆட வேண்டும். பெண்கள் மட்டும் கலியாணம் முடித்தால் புருஷனின் ஊர்க் கழகத்துக்கு மாற வேண்டும். இந்த விதியை எழுதினது ஆர் என்று என்னைக் கேட்காதேங்கோ. பெண்கள் இல்லை. அது மட்டும் நிச்சயம்.

கலியாணம் முடித்த கஜந்தினியும் அப்படி மாறினாள். ஆனால் வசந்தகாலப் போட்டியில், பிறந்த ஊர்க் கழகத்துக்காக ஒரு ஆட்டம் இறங்கிவிட்டாள்.

இரண்டு ஊருக்கு ஆடினவள் என்று ஒன்றியத்தின் சபை அவளுக்கு ஒரு வருடத் தடை போட்டது.

அவள் மேன்முறையீடு செய்தாள். நாளைக்குப் பிரான்சில், ஸ்ராஸ்பூர்க்கில் இறுதிப் போட்டி. இன்று பின்னேரம் தீர்ப்புச் சொல்ல வேண்டும். பிள்ளை பெற்ற பிறகு இந்த வருடம்தான் அவளுடைய கால் பழையபடி ஓடத் தொடங்கியிருந்தது. இதை விட்டால் அந்தக் கால் இன்னொரு வருடம் காத்திருக்குமோ என்னவோ.

அவளும் அவரும் ஜேர்மனியில் ஒரே நகரத்தில் இருக்கிறவர்கள். ஆகவே தீர்ப்புச் சொல்லப் போகிறவரின் காரிலேயே தீர்ப்புக் கேட்கப் போகிறவளும் ஏறி வந்தாள். எங்கள் ஆட்களுக்கு இதில் ஒரு புதினமும் இல்லை. பெற்றோல் காசு ஏன் வீண்?

வழி முழுக்க அவர் நாலு நாட்டு விளையாட்டுச் சட்டம் கதைத்தார்.

"அங்கிள், அண்டைக்கு நான்..." என்று அவள் தொடங்கினாள்.

"பொறும் பிள்ளை. முதல் இத்தாலியை முடிப்பம்."

எல்லை தாண்டும்போது அவள் இன்னொரு முறை வாய் திறந்தாள்.

"உது உணர்ச்சி பிள்ளை. நான் சட்டத்தைப் பாக்கிறன்."

அவள் திரும்பி, பின்சீற்றில் அழுத பிள்ளைக்குப் பால்போத்தலை எட்டிக் கொடுத்தாள்.

ஸ்ராஸ்பூர்க்கில் சுபத்திரா ரீச்சர் வீட்டு வாசலில் கார் நின்றது. விளையாட்டுக்கும் அரசுக்கும் நடுவில் இருக்கிற சட்டத்தை, நாடு நாடாக ஒப்பிட்டுப் படிப்பிக்கிறவள் அவள். தியாகலிங்கத்தாரை விட இருபது வயது இளையவள். ஆனால் அவளுடைய மாலை வகுப்பில் முன்வாங்கில் இருந்து குறிப்பெடுக்கிறவர் அவர்தான்.

"நீரும் வாருமன் பிள்ளை."

"இவன் இப்பதான் நித்திரை அங்கிள். நான் காருக்கை இருக்கிறன்."

"அஞ்சு நிமிசம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.



"ரீச்சர், எனக்கு மண்டை வெடிக்குது."

"முதல் சப்பாத்தைக் கழட்டுங்கோ அண்ணை. இப்பதான் கூட்டினனான்."

கழற்றினார். ரீச்சர் குசினியில் புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்தாள். அவர் குசினி வாசலில் நின்றார்.

"பிரான்சிலை விளையாட்டுச் சம்மேளனத்துக்கு அதிகாரத்தை அரசாங்கம்தான் ஒப்படைக்குது. அதாலை வழக்கு நிர்வாக நீதிமன்றத்துக்குப் போகும்."

"ஓம்."

"ஜேர்மனியிலை கழகம் தன்ரை காலிலை நிக்கிற ஒண்டு. அரசு கையை வைக்காது. சண்டை வந்தா சாதாரண நீதிமன்றம்."

"ஓம்."

"இத்தாலியிலை விளையாட்டுக்கெண்டு தனி நீதிமன்றம் இருக்கு. அதிலை ஏறி இறங்கின பிறகுதான் வெளிவாசல்."

"தண்ணி கூடிப்போச்சு" என்றாள் ரீச்சர், மாவைப் பார்த்து.

"இங்கிலாந்திலை இது வெறும் ஒப்பந்தம். சம்மேளனம் எவ்வளவு பெரிசெண்டாலும், அதை அரசாங்கம் மாதிரி நினைச்சு வழக்குப் போடேலாது."

"நல்லாப் படிச்சிருக்கிறீங்கள் அண்ணை."

"படிச்சு என்ன பிரயோசனம்? எங்கடை கழகங்கள் இந்த நாலு நாட்டிலையும் பதிஞ்சு கிடக்கு. ஒவ்வொருத்தனும் தன்ரை நாட்டுச் சட்டந்தான் சரி எண்டு நிக்கிறான். இண்டைக்குத் தீர்ப்பு. நீங்கள் சொல்லுங்கோ, எந்த நாட்டு முறை திறம்?"

ரீச்சர் மாச் சட்டியைத் தள்ளி வைத்தாள்.

மாக் கையோடு நடந்து போய், முழங்கையால் முன்கதவைத் திறந்தாள்.

"அண்ணை, ஒருக்கா வெளியிலை நில்லுங்கோ."

ஏதோ காட்டப் போகிறாள் என்று அவர் வெளியே இறங்கினார்.

கதவு சாத்துப்பட்டது. பூட்டும் விழுந்தது.



தூறல். காலில் காலுறை மட்டும்.

முதலில் அவர் சிரித்தார். ரீச்சர் சோதிக்கிறா, விடையை நான் கண்டுபிடிக்க வேணும் என்று நினைத்தார். முன்கதவு என்றால் நிர்வாக நீதிமன்றமோ? பின்கதவு ஒப்பந்தமோ?

காலுறை ஊறியது.

உள்ளே வெங்காயம் வதங்குகிற வாசம் வந்தது.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி நாயோடு வந்தாள். "பொன்ஜூர்" என்று அவருடைய காலைப் பார்த்துச் சொன்னாள். நாயும் பார்த்தது.

அதோடு சிரிப்பு நின்றுவிட்டது.

அவர் குசினி யன்னலடிக்குப் போனார்.

"ரீச்சர்! கதவு பூட்டுப்பட்டுட்டுது!"

"ஓம். நான்தான் பூட்டினனான்."

"ஏன்?"

"தீர்ப்பு."

"என்ன தீர்ப்பு?"

"நீங்கள் உள்ளுக்கு வரக்கூடாதெண்டு."

"ஆர் முடிவெடுத்தது?"

"சபை."

"எந்தச் சபை?"

"நானும் இந்த அகப்பையும்."

"பகிடி விடாதேங்கோ ரீச்சர். கால் விறைக்குது."

"விறைச்சா மேன்முறையீடு செய்யலாம் அண்ணை. எந்த முறைப்படி வேணும்? பிரான்சோ, இத்தாலியோ? முன்கதவோ, பின்கதவோ?"

"எந்தக் கதவெண்டா எனக்கென்ன!" தியாகலிங்கத்தாருக்குக் குரல் ஏறிவிட்டது. "ஆரோ எவரோ முடிவெடுத்துப் பூட்டிப்போட்டு, கதவைப் பற்றிக் கதைக்கிறீங்கள். நான் என்ன செய்தனான், ஏன் செய்தனான் எண்டு என்னட்டை ஒரு வார்த்தை கேட்டனீங்களோ? என்னைக் கேக்காமலே..."

வாய் திறந்தபடி நின்றது.

யன்னலுக்குள் அகப்பைச் சத்தமும் நின்றது.

அவர் மெல்லத் திரும்பி வீதியைப் பார்த்தார். காரின் கண்ணாடி ஆவி பிடித்துக் கிடந்தது. அதில் ஆரோ விரலால் கோடு கீறி வைத்திருந்தார்கள். தாச்சிக் கோடு.

பூட்டுத் திறக்கிற சத்தம் கேட்டது. ரீச்சர் அவருடைய சப்பாத்தோடு வாசலில் நின்றாள்.

"உள்ளுக்கு வாங்கோ அண்ணை. புட்டு அவிஞ்சிட்டுது. எந்த நாடு திறம் எண்டு சொல்லட்டோ?"

"பிறகு ரீச்சர்."

"சப்பாத்து?"

"அதுவும் பிறகு."

ஈரக் காலுறையோடு தெருவைக் கடந்தார்.



கஜந்தினி மடியில் இடியப்பப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். தன்னுடைய பங்கைச் சாப்பிட்டு முடித்து, அவருடைய பங்கைச் சம்பலோடு ஒரு பக்கம் ஒதுக்கி வைத்திருந்தாள். பின்சீற்றில் பிள்ளை இன்னும் நித்திரை.

அவர் ஏறி இருந்து கதவைச் சத்தம் வராமல் சாத்தினார்.

அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு காலைப் பார்த்தாள்.

"என்ன அங்கிள் இது கோலம்? சரி, கடைசியிலை எந்த நாடு வெண்டது?"

அவர் கார்ச் சாவியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார். உடம்பை முழுதாக அவள் பக்கம் திருப்பினார்.

"பிள்ளை, அண்டைக்கு ஏன் இறங்கினீர்? முதலிலை இருந்து சொல்லும். நான் குறுக்கை கதைக்க மாட்டன்."